தம்பியின் கோப்பில் அக்காவின் கண்

அந்தக் குடும்பத்தில் சர்க்கரை நோய் இல்லாத ஒரே ஆள் அக்காதான். அப்பாவுக்கு இருந்தது, அம்மாவுக்கு இருந்தது, தம்பிக்கு முப்பத்தெட்டு வயதில் வந்து சேர்ந்தது. அக்காவை மட்டும் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஐம்பத்தேழு வயதிலும் தேநீரில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டு, தம்பிக்குக் கேட்கும்படியாகவே நிதானமாகக் கலக்குவாள்.

"கேக்குதாடா?" என்பாள்.

"கேக்குது, கேக்குது. கரண்டி தேஞ்சு போகப்போகுது, எடு," என்பான் தம்பி.

சைக்கிள் கடை அப்பா காலத்துக் கடை. முன்பக்கம் தம்பியுடையது: விற்பனை, பஞ்சர், வருகிறவர்களோடு அரட்டை. பின்பக்கம் அக்காவுடையது: எட்டடிக்குப் பத்தடி அறை, உயரத்தில் ஒரு ஜன்னல், ஒரு ஸ்டூல், சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட ஓர் இரும்புத் தாங்கி. கோணிப்போன சக்கரத்துக்குப் பெண்டு எடுப்பதும், கம்பிகளைக் கோத்துப் புதுச் சக்கரம் கட்டுவதும் அவள் வேலை. சக்கரத்தைச் சுழலவிட்டு, அதன் விளிம்புக்கும் தாங்கியின் ஊசிக்கும் நடுவில் உள்ள மயிரிழை இடைவெளியைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். இடைவெளி எங்கே குறைகிறதோ, அங்கே உள்ள கம்பிக்குச் சின்னச் சாவியால் ஒரு கால் சுற்றுத் திருப்பு. மறுபடி சுழற்சி. மறுபடி ஒரு கால் திருப்பு. தெருவில் அவளுக்கு 'வீல் அக்கா' என்று பெயர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லி அனுப்பினாள். எது உண்மை என்று தம்பிக்கே தெரியாது. "எல்லாமே உண்மைதான், அந்தந்த நாளைக்கு," என்பாள்.

வருடத்துக்கு ஒருமுறை தம்பியின் மனைவி இரண்டு பேரையும் தெருமுனைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிவைப்பாள். ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள் அவள். எதற்கும் தேதி போட்டு வைத்திருப்பாள். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், ஒரு சீட்டு. தம்பி தன் சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் திணிப்பான். அக்கா தன்னுடையதைத் தாங்கிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் குத்தி வைப்பாள். ஒன்பது வருடச் சீட்டுகள் அங்கே தொங்கின. அவை அனைத்தும் ஒரே ஒரு கேள்விக்கான பதில்கள். வேறு ஒரு கேள்வியை அவள் உடம்பிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. காலையில் பின்மண்டை வலித்தால் கொண்டையை இறுக்கி முடிந்துவிட்டோம் என்று நினைத்து, அவிழ்த்து மறுபடி முடிந்துகொள்வாள். அதோடு அந்த வலியைக் கை கழுவிவிடுவாள்.

தம்பி ஆள்தான் மலை மாதிரி. கண் மருத்துவமனையில் விழித்திரையைப் படம் எடுக்கும் கருவி என்றால் அவனுக்குப் பயம். முதல் வருடம் ஒளி பளிச்சென்று அடித்தபோது துள்ளி எழுந்து மேசையையே சாய்க்கப் பார்த்தான். அடுத்த வருடத்திலிருந்து அக்கா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். அவனுக்கு முன்னால் தான் போய் உட்கார்ந்து, தாடையைத் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டிக் காட்டுவாள். "பாத்தியா? தலை எங்கயும் போகல. இப்ப நீ உக்காரு." மருத்துவமனையில் எல்லோருக்கும் இது பழகிப்போயிருந்தது.

அந்த வருடம் கருவியின் பின்னால் வேறு ஒரு பெண்மணி இருந்தார். எக்ஸ்ரே பிரிவிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எக்ஸ்ரே அறையில் இருபது வருடம் பழகிய கை அது: ஆள் அசையாமல் நின்றால் பொத்தானை அமுக்கிவிட வேண்டும், அடுத்த மூச்சுக்குள் அசைந்துவிடுவார்கள். அவர் முன்னால் ஓர் அம்மாள் வந்து உட்கார்ந்தாள். தாடை சரியாக இருந்தது, நெற்றி சரியாக இருந்தது. சிலை மாதிரி இருந்தாள். திரையில் ஏற்கெனவே ஒரு கோப்பு திறந்திருந்தது. பளிச்.

"அசையாதீங்கம்மா. இன்னொரு கண்ணு," என்றார் அவர். மறுபடி பளிச்.

சும்மா காட்டுவதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறாரே என்று அக்காவுக்கு அந்தப் பெண்மணியின் மேல் மரியாதை வந்தது. எழுந்து, "வாடா," என்று தம்பியை இழுத்து உட்காரவைத்தாள்.

"ஐயா, நீங்க வெளிய இருங்க, கூப்பிடுவேன்," என்றார் கேமராப் பெண்மணி.

"நான்தாங்க பேஷண்டு," என்றான் தம்பி. வெளியே போகலாம் என்று சொல்லிவிட்டாரே என்று அவன் குரலில் ஒரு நப்பாசை.

"அப்ப இவங்க?"

"எங்கக்கா. தைரியம் சொல்ல வந்தவங்க."

பெண்மணி நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்று பேரும் சிரித்தார்கள். தம்பிக்கும் இரண்டு படங்கள் எடுக்கப்பட்டன. அக்காவின் படங்களை அழித்துவிட வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். அதற்குள் அடுத்த ஆள் கதவைத் திறந்துவிட்டார். நான்கு படங்களும் தம்பியின் பெயரிலேயே டாக்டரின் அறைக்குப் போய்ச் சேர்ந்தன.

கண் டாக்டர் நாற்பதை எட்டாத ஒரு பெண். திரையைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார். "என்ன ஐயா, போன வருஷம் சுத்தமா இருந்துச்சே. இந்தச் சிவப்புப் புள்ளியெல்லாம் ரத்தக் கசிவு. இதோ, பஞ்சு ஒட்டின மாதிரி வெள்ளையா இருக்கே, இங்க ரத்தம் சரியா வந்து சேரல."

தம்பி வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "கேட்டியாடா? அலமாரிக்குப் பின்னாடி பிஸ்கட் டப்பாவ ஒளிச்சு வச்சியே, அது எங்க போய் ஒட்டியிருக்குன்னு பாரு. அது பஞ்சு இல்ல டாக்டர், க்ரீம் பிஸ்கட்டு!"

"அத நான் எங்க தின்னேன்? கண்டுபிடிச்ச அன்னைக்கே நீதானே உக்காந்து தின்னு தீர்த்த!"

"எனக்குச் சுகர் இல்ல, நான் திங்கலாம். உனக்கு அறிவு வேணாமா? கண்ணு போச்சுன்னா கடைய யாரு பாக்குறது? உன் பொண்டாட்டி நூலகத்த விட்டுட்டு வந்து பஞ்சர் ஒட்டுவாளா?"

தம்பி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். இரண்டு மாதமாக ஒரு துண்டு பிஸ்கட்கூடத் தொட்டதில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் திரையில் இருப்பதை எப்படி மறுப்பது?

டாக்டர் கையில் ஒரு லென்சை எடுத்துக்கொண்டு அவன் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். வலது. இடது. மறுபடி வலது. பிறகு திரையைப் பார்த்தார். "இது உங்க கண்ணே இல்ல," என்றார்.

கேமராப் பெண்மணி வரவழைக்கப்பட்டார். வாசற்படியிலேயே நின்று, நடந்ததைச் சொன்னார். "முதல் ரெண்டு படம்... அந்தம்மாவோடது, டாக்டர்."



"எனக்குத்தான் சுகரே இல்லையே," என்றாள் அக்கா. "ஒன்பது வருஷச் சீட்டு வச்சிருக்கேன், டாக்டர். வேணும்னா கொண்டாரேன்."

"இருக்காது, நம்புறேன். சுகர் இல்லாதவங்களுக்கும் கண்ணுல இப்படி வரும்மா. பெரும்பாலும் பிரஷரால. உங்க பார்வைக்கு இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. நான் பயப்படுறது கண்ணுக்காக இல்ல. உடம்பு பூரா ஓடுற ரத்தக்குழாய அறுக்காம, கிழிக்காம நேரா பாக்க முடியுற இடம் இது ஒண்ணுதான். இங்க இப்படி இருந்தா, மூளையில, இதயத்துல, கிட்னியில எப்படி இருக்கோன்னு யோசிக்கணும். சுகர் இல்லாம கண்ணுல மட்டும் இந்த மாதிரி இருந்தவங்கள வருஷக்கணக்காக் கவனிச்சுப் பாத்திருக்காங்க. பக்கவாதம், மாரடைப்பு எல்லாம் மத்தவங்களவிட அவங்களுக்குக் கூடுதலா வந்திருக்கு. எல்லாருக்கும் வரும்னு இல்ல. ஆனா கவனிக்காம விடக்கூடாது."

நர்ஸ் வந்து அவள் கையில் பட்டையைச் சுற்றினாள். மேலே நூற்றுத் தொண்ணூற்றெட்டு, கீழே நூற்றுப் பதினான்கு.

"மாடிப்படி ஏறி வந்தேன்," என்றாள் அக்கா.

"ஏறி வந்து ஒரு மணி நேரம் ஆச்சு. நடுவுல தம்பியத் திட்டினீங்க, அதுக்கு வேணா அஞ்சு கழிச்சுக்கலாம்," என்றார் டாக்டர். பத்து நிமிடம் சும்மா உட்காரவைத்துப் பார்த்தபோதும் பெரிதாக இறங்கவில்லை. அன்றைக்கே பொது மருத்துவரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மருத்துவமனை வாசலில் அக்கா சீட்டை மடித்தாள். "வியாழக்கிழமை போலாம்."

"இன்னைக்கேன்னு சொன்னாங்களே."

"பொருள் கொண்டுபோய்க் கொடுக்கிற கம்பெனிக்கு நாப்பது சக்கரம் கட்டிக் கொடுக்கணும். பதினேழுதான் ஆயிருக்கு. எனக்கு ஒண்ணும் பண்ணல. நல்லாத்தான் இருக்கேன்."

கடைக்கு வந்ததும் தம்பி, கட்டாத இருபத்து மூன்று சக்கரங்களின் விளிம்பு, கம்பி, எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினான். ஏற்றி, தெருவுக்கு எதிர்ப்பக்கம் இருந்த போட்டிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனான். எதிர்க் கடைக்காரர் கட்டிய சக்கரத்தை அக்கா சக்கரம் என்றே சொல்லமாட்டாள். "முறுக்கிப் போட்ட வளையம்" என்பாள்.

திரும்பி வந்த தம்பியை அவள் வாசலிலேயே மறித்தாள். "என் பேருல... அந்த ஆள் கையால... உனக்கு என்னடா ஆச்சு?"

"இப்பக் கையில வேலை இல்லல்ல? கிளம்பு," என்றான் தம்பி. ஐம்பது வருடத்தில் அவன் அக்காவிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தைக் கேட்டுத்தான் அவள் செருப்பை மாட்டினாள்.

பொது மருத்துவர் மெல்லிய குரல்காரர். ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்தார். சிறுநீரில் புரதம் கொஞ்சம் போகிறது, சிறுநீரகத்துக்குச் சுமை தெரிய ஆரம்பித்திருக்கிறது என்றார். மாத்திரை எழுதினார். உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். "விட்டா கிட்னி கெட்டுப்போகும். பிடிச்சு நிறுத்தினா நின்னுடும். அது உங்க கையிலதான்மா இருக்கு."

வீட்டுக்கு வந்து அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவளை வாட்டியது நோய் மட்டுமில்லை. பதினாலு வருடமாகத் தம்பியின் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் காவல் நின்றவள் அவள். இப்போது தம்பி மனைவி இரண்டு மாத்திரைப் பெட்டிகளைச் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"என்னையும் இந்தப் பக்கம் தள்ளிட்டீங்க," என்றாள் அக்கா.

"தள்ளல அண்ணி. நீங்க எப்பவோ வந்துட்டீங்க, இப்பதான் எங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றாள் தம்பி மனைவி. "உப்பில்லாம நானும்தான் சாப்பிடப்போறேன். என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே சாப்பிடுங்க, நல்லா இறங்கும்."

முதல் வாரம் ஸ்டூலிலிருந்து எழுந்தால் தரை கொஞ்சம் விலகியது. அந்தக் கிறுகிறுப்போடேயே, எதிர்க் கடையில் இன்னும் கட்டாமல் கிடந்த பத்துச் சக்கரங்களைத் திருப்பி வாங்கித் தானே கட்டி அனுப்பினாள். இரண்டாவது வாரம் அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு சக்கரம் திரும்பி வந்தது. ஆடுகிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வீல் அக்கா கையிலிருந்து போன சக்கரம் இதுவரை திரும்பி வந்ததே இல்லை. அதைத் தொட்டுப் பார்க்கவும் அவளுக்கு மனம் வரவில்லை. கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தாள். கிறுகிறுப்பில் தான் கட்டியதுதான் இது, மாத்திரைதான் காரணம் என்று முடிவு கட்டினாள். தலை கிறுகிறுத்தால் மயிரிழை இடைவெளி எப்படிக் கண்ணில் நிற்கும்? வேலை போனபின் இருந்து என்ன? மறுநாளிலிருந்து மாத்திரையை எடுத்துக்கொண்டு பின்னறைக்குப் போனாள். எடுத்துக்கொண்டுதான் போனாள், விழுங்கவில்லை.

மாதக் கடைசியில் மருத்துவர் மறுபடி அழுத்தம் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறு. நெற்றியைச் சுருக்கினார். "ஒழுங்கா மாத்திரை போட்டும் இவ்வளவு இருக்குன்னா, இன்னும் ரெண்டு மாத்திரை சேக்கணும். தவறாமப் போட்டீங்கல்ல?"

அக்கா பதில் சொல்வதற்குள் தம்பி முன்னால் சாய்ந்தான். "எங்கக்காவா? ஒரு வேளை தவறமாட்டாங்க டாக்டர். எனக்கே அவங்கதான் பதினாலு வருஷமா எடுத்துக் கொடுக்கிறாங்க. அவங்களப் பத்தி நான் உத்தரவாதம் தரேன்."

அவன் முகத்தில் சந்தேகத்தின் நிழல்கூட இல்லை. பிஸ்கட் விஷயத்தில் அவன் சொன்னதை அவள் ஒரு நிமிடமாவது நம்பினாளா?

"போடல, டாக்டர்," என்றாள் அக்கா. "பதினஞ்சு நாளாப் போடல. கிறுகிறுன்னு வந்துச்சு. வேலை கெட்டுச்சு. ஒரு சக்கரம் திரும்பி வந்துடுச்சு."

தம்பி அவளையே பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் திட்டவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாம நான் அந்த மெஷின் முன்னாடி எப்படி உக்காருவேன்?" என்றான்.

மருத்துவருக்குக் கோபம் வரவில்லை. "இத முதல்லயே சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்தியிருப்பேனே. சொல்லாம விட்டீங்க பாருங்க, ரெண்டு மாத்திரைய அநியாயமா வாங்கியிருப்பீங்க," என்றார். மாத்திரையின் அளவைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம் என்றார். படுக்கப் போகும்போது போடச் சொன்னார். ஸ்டூலிலிருந்து சட்டென்று எழக்கூடாது, ஒரு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்த பிறகே எழ வேண்டும். இதைச் சொல்லும்போது எழுந்து நின்று நடித்தே காட்டினார்.

கடைக்கு வந்ததும் அக்கா கதவுக்குப் பின்னால் இருந்த சக்கரத்தை எடுத்துத் தாங்கியில் மாட்டினாள். மாட்டியவள் அப்படியே நின்றாள். காற்றடிக்கும் வால்வுக்கான துளை, ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்ளும் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் துளை வந்தால் பம்ப்பின் வாய் கம்பியில் இடிக்கும். அவள் கட்டும் சக்கரத்தில் அந்தத் துளை எப்போதும் விலகி நிற்கிற கம்பிகளுக்கு நடுவில்தான் இருக்கும். பதினெட்டு வயதிலிருந்து ஒருமுறைகூட மாறியதில்லை.

"டேய்!" என்று கத்தினாள். "இது என் சக்கரமே இல்லடா! எதிர்க் கடைக்காரன் கட்டினது!"

தம்பி ஓடி வந்து பார்த்தான். இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். சிரிப்பு நின்றபோது அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னொருத்தன் செஞ்ச கோணலுக்காக நான் மாத்திரைய நிறுத்தியிருக்கேன் பாரு. உன் கண்ணுன்னு நெனச்சு உன்னத் திட்டின மாதிரி."

"அதுக்கு இன்னும் மன்னிப்புக் கேக்கல நீ."

"கேக்க மாட்டேன். பிஸ்கட்ட ஒளிச்சு வச்சது நிஜந்தானே."

அந்த வருடம் மெதுவாகத்தான் போனது. அழுத்தம் ஒரேயடியாக இறங்கவில்லை. நூற்று எழுபது, நூற்று ஐம்பத்தைந்து, ஒரு தடவை மறுபடி ஏற்றம், பிறகு நூற்று முப்பத்தாறு. டியூபில் காற்று மிதமிஞ்சிப் போனால் டயர் எங்கே பலவீனமோ அங்கே புடைக்கும் என்பது அவளுக்குத் தெரிந்த விஷயம். தன் கண்ணில் இருந்த புள்ளிகளை அவள் அப்படியே புரிந்துகொண்டாள். கடைக்கு வருகிறவர்களையும் சும்மா விடவில்லை. "பிரஷர் பாத்தீங்களா?" என்று கேட்பாள். "எனக்குச் சுகரே இல்லக்கா," என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், பிடித்துக்கொள்வாள். "நான் சுகரா கேட்டேன்? நான் கேட்டது வேற." அப்படி விரட்டியதில் எதிர்க் கடைக்காரரும் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தெருவைக் கடந்து, நூற்று எழுபத்தெட்டு என்று எழுதிய சீட்டை அவளிடம் நீட்டினார். இருவரும் முதன்முதலாக ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். காலையில் பின்மண்டை வலிப்பது நின்று போயிருந்ததை அவள் கவனித்தது ரொம்ப நாள் கழித்துத்தான். கொண்டையை அவள் முன்பு போலவே இறுக்கமாகத்தான் முடிந்திருந்தாள்.

அடுத்த வருடம் அவள் கையில் சொந்தமாக ஒரு சீட்டும், அவள் பெயரில் ஒரு கோப்பும் இருந்தன. கேமராப் பெண்மணி பெயரைக் கேட்டார், வயதைக் கேட்டார், மறுபடியும் பெயரைக் கேட்டார். பிறகுதான் பொத்தானைத் தொட்டார்.

டாக்டர் போன வருடப் படத்தையும் இந்த வருடப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பஞ்சுத் திட்டுகள் இல்லை. சிவப்புப் புள்ளிகளில் ஒன்றே ஒன்று மட்டும் ஓரத்தில் மங்கலாக நின்றது. பொது மருத்துவர் அனுப்பிய அறிக்கையில் சிறுநீரகம் போன வருடம் இருந்த இடத்திலேயே இருந்தது. கெட்டுப்போகவில்லை.

"நின்னுடுச்சாம்மா?" என்றாள் அக்கா. டாக்டரைவிட இருபது வயது மூத்தவள் அந்த நேரத்தில் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டாள்.

"நின்னிருக்கு. இனிமே வரவே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். மாத்திரைய விடாதீங்க, வருஷா வருஷம் வாங்க. ஆனா போன வருஷம் இங்க உக்காந்திருந்த ஆளு நீங்க இல்ல."

வெளியே வந்ததும் அவள் நேராகக் கேமரா அறைக்குப் போனாள். "நீங்க மட்டும் அன்னைக்கு அமுக்கலைன்னா..." என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண்மணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மெதுவாம்மா," என்றார் அவர், கதவைப் பார்த்துக்கொண்டே. "ஆள் மாத்தி எடுத்ததுக்கு விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கேன். அந்தக் காகிதம் இன்னும் ஆபீஸ்ல இருக்கு."

"அப்படியா?" என்றாள் அக்கா.

வரவேற்பு மேசையில் குறைகளுக்கு ஒரு பக்கம், நிறைகளுக்கு ஒரு பக்கம் என்று கோடு போட்ட ஒரு நோட்டு இருந்தது. அக்கா பேனாவை வாங்கி, நிறைப் பக்கத்தில், ஒவ்வோர் எழுத்தாக அழுத்தி எழுதினாள்: போன வருடம் தம்பிக்குப் பதிலாக என் கண்ணைப் படம் எடுத்துவிட்டார்கள். அதனால் என் வியாதி தெரிந்தது. எடுத்தவருக்கு என் நன்றி. அவர் எழுதிக் கொடுத்த விளக்கத்தோடு இதையும் சேர்த்து வைக்கவும்.

தம்பி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "தப்பு பண்ணினத நிறைன்னு எழுதினா, படிக்கிறவங்க குழம்பிடுவாங்க அக்கா."

"குழம்பட்டும்," என்றாள் அவள். கீழே தன் பெயரை எழுதினாள். "குழம்பினாத்தான் ரெண்டாவது தடவை படிப்பாங்க."